கோபால்ட் ஃபெரைட்: எந்த உலோகம் எந்த இடத்தில்? அனுபவப் பகிர்வு

படிகப்பித்தன்

கோபால்ட் ஃபெரைட் (கோபால்ட்டும் இரும்பும் சேர்ந்த ஆக்சைடு) பொடியைக் காப்பர் குழாயில் எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல்) எடுத்தால் முதலில் தெரிவது பீக் அல்ல, மேலே ஏறி நிற்கும் பின்னணி. காப்பர் கதிரின் ஆற்றல் 8.05 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அது பட்டதும் இரும்பு 6.40-லும் கோபால்ட் 6.93-லும் தாமே எக்ஸ்-கதிர் வீசி ஒளிரும், அதுதான் அந்தப் பின்னணி. டிடெக்டரின் கீழ் வரம்பை 7-க்கு மேல் ஏற்றுங்கள். சிக்னலும் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. கோபால்ட் குழாய் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

அலகுக்கூடு 8.39 ஆங்ஸ்ட்ராம் என்று வந்துவிடும். நான்முகி இடத்தில் (நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த இடம்; ஆறு சூழ்ந்தது எண்முகி) கோபால்ட் எவ்வளவு என்பது மட்டும் வராது. இரும்புக்கு 26 எலக்ட்ரான், கோபால்ட்டுக்கு 27. இடம் மாற்றிப் போட்டாலும் ஃபிட் (மாதிரியைத் தரவோடு பொருத்துவது) அசையாது. காப்பர் கதிர் ஒன்றை மட்டும் நம்பி இன்வெர்ஷனுக்கு (உலோகங்கள் இரு இடங்களிலும் பங்கிட்டு நிற்கும் அளவு) மூன்று தசமம் எழுதுவது தவறு.

தென்றல்_227

ஃபிட் துளியும் பொருந்தாவிட்டால் ஆதிப்புள்ளியை (அணுக்களின் இடத்தை அளக்கத் தொடங்கும் புள்ளி) பாருங்கள். இந்தப் படிகத்தின் சமச்சீர் வகையான 227-ஆம் இடக்குழுவுக்கு இரண்டு ஆதி உண்டு. முதலாவதில் நான்முகி 0, எண்முகி 5/8, ஆக்சிஜன் 0.38 அருகில். இரண்டாவதில் 1/8, 1/2, 0.255 அருகில். பழைய கட்டுரையின் 0.38-ஐ இரண்டாவதில் போட்டால் கட்டமைப்பே குலைந்துவிடும்.

நியூட்ரான் நேசன்

இரும்பையும் கோபால்ட்டையும் பிரித்தறிய நியூட்ரான்தான் வழி. சிதறல் நீளம் (அணுக்கரு நியூட்ரானைச் சிதறடிக்கும் வலிமை) இரும்புக்கு 9.45 ஃபெம்டோமீட்டர், கோபால்ட்டுக்கு 2.49. இந்தியாவில் டிராம்பே துருவா அணு உலையில் எடுக்கலாம். பொடியை வனேடியம் குப்பியில் நிரப்புங்கள். வனேடியம் பீக் தருவது மிகக் குறைவு.

சிக்கல் காந்தத்தில் இருக்கிறது. அறை வெப்பத்தில் இது ஃபெரிகாந்தம் (இரு இடங்களின் காந்தங்களும் எதிரெதிராக, ஆனால் சமமின்றி நிற்பது). காந்தச் சிதறல் அணுக்கருப் பீக்கின் மேலேயே விழும். அதை விட்டுவிட்டு ஃபிட் செய்தால் இன்வெர்ஷன் பொய்யாக வரும். கியூரி வெப்பத்துக்கு (காந்த ஒழுங்கு குலையும் வெப்பம், சுமார் 520 டிகிரி செல்சியஸ்) மேலே சூடாக்கித் தப்பலாம் என்று தோன்றும். அந்தச் சூட்டில் அயனிகளே இடம் மாறத் தொடங்கலாம். அதனால் காந்த மாதிரியையும் சேர்த்தே ஃபிட் செய்யுங்கள். முதலில் உயர்கோணத் தரவைப் பாருங்கள், அங்கே காந்தப் பங்கு மங்கிவிடும்.

ஒரே ஒரு மாறி போதும்: நான்முகியில் கூடும் கோபால்ட், எண்முகியில் அதே அளவு குறையட்டும். ஒரே இடத்து இரு உலோகங்களுக்கும் ஒரே பி மதிப்பு (அணு அதிர்வின் அளவு).

கோபால்ட் நியூட்ரானை நன்றாக விழுங்கும் (உறிஞ்சும் அளவு 37 பார்ன்), உறிஞ்சல் திருத்தம் கட்டாயம். கோபால்ட்-60 வேறு உருவாகும், அரை ஆயுள் 5.27 ஆண்டு. பொடி உடனே கைக்குத் திரும்பாது. பாதியை முன்பே எடுத்து வையுங்கள்.

படிகப்பித்தன்

எடுத்து வைத்த பாதியில் மோஸ்பவர் (காமா கதிரால் இரும்பு அணுக்கருவை ஆராயும் முறை) பாருங்கள், திரவ ஹீலிய வெப்பத்தில், 5 டெஸ்லா புலத்தில். புலம் இல்லாவிட்டால் இரு இடங்களின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். புலம் அவற்றை எதிரெதிர்த் திசையில் விலக்கும். பொடியை மெல்ல ஆற்றினீர்களா, சட்டெனக் குளிர்வித்தீர்களா என்பதையும் எழுதி வையுங்கள். இன்வெர்ஷன் அதைப் பொறுத்தே மாறும்.