வளப் பாதுகாப்பா, அண்டவிடாமையா?

வணக்கம்.

நீங்கள் தொகுக்கும் நாய் வளர்ப்புச் சொல்லகராதியில், தத்து வந்த நாய் தட்டருகே வீட்டு நாய்களை நெருங்கவிடாமல் உறுமுவதற்கு (ஆங்கிலத்தில் resource guarding) ‘வளப் பாதுகாப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். ஏற்காட்டு மலைச்சாலையில் வனத்துறைப் பலகையைப் படிப்பது போலிருக்கிறது.

‘உணவுக் காவல்’ என்றாலும் போதாது. மாம்பழக் காலத்தில் சேலத்து வீடுகளில் சப்பிப் போட்ட கொட்டை ஒன்று போதும், இரண்டு நாய்கள் மோதிக்கொள்ள. (அடுத்தது பறித்துவிடும் என்ற அவசரத்தில் விழுங்கினால் குடல் அடைத்து அறுவை வரை போகும். கொட்டையை மூடியுள்ள கூடையில் போடுங்கள்.) ஏற்காட்டு மார்கழியில் அடுப்படிச் சாக்குக்குச் சண்டை. சில நாய்களுக்கு வளர்ப்பவர் மடியே அந்தப் பொருள். மேலும், ‘காவல்’ என்றதும் நம்மவர்கள் நாயைத் தட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

ஊர்ப்பேச்சிலேயே சொல் இருக்கிறது: “தட்டுக்கிட்ட அண்ட விடாது.” ஆகவே ‘அண்டவிடாமை’. உறுமலைத் தூண்டுவது பொருள் மட்டுமல்ல, இன்னொரு நாய் வந்து நிற்கும் தொலைவும்தான். பத்தடியில் நிம்மதியாகத் தின்பது, ஆறடியில் வேகமாக விழுங்கும். நாலடியில் தலையைத் தட்டின்மேல் கவிழ்த்து உடல் விறைக்கும், கண்ணோரம் வெள்ளை தெரியும். உறுமல் அதற்குப் பிறகுதான். அடிக்கணக்கு நாய்க்கு நாய் மாறும். வரிசை பெரும்பாலும் இதுவே.

— ஏற்காடு

*

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் கேட்டருகே தபால்காரரை அண்டவிடாத நாயும் இதில் அடங்கிவிடுமே? அது வேறு, இது வேறு. ‘பொருள் அண்டவிடாமை’ என்று முன்னொட்டு சேர்த்தால் குழப்பம் தீரும். இடம், ஆள் என்று உட்பிரிவும் வைக்கலாம்.

இன்னொன்று. உறுமினால் அடிப்பது, தட்டில் கைவிட்டுப் ‘பழக்குவது’ இரண்டும் இங்கே பரவலாக நடக்கின்றன. அடி வாங்கிய நாய் உறுமலை விடும், அச்சத்தை விடாது. அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். அகராதிக் குறிப்பில் இந்த வரி கட்டாயம் வரட்டும். எந்நாளும் இல்லாத நாய்க்குத் திடீரென்று இது வந்தால் பல், காது, மூட்டு வலி உண்டா என்று முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதும்.

— அஸ்தம்பட்டி

*

முன்னொட்டை ஏற்கிறேன் அம்மா. துணைச்சொற்களைச் செய்முறையோடே தருகிறேன், பொருந்துகிறதா பாருங்கள்.

*தனித்தட்டு:* ஆளுக்கொரு தட்டு வைப்பது மட்டுமில்லை, இடையில் மூடிய கதவும் வேண்டும். கால் மணி நேரத்தில் காலித் தட்டுகளை எடுத்த பிறகே கதவைத் திறக்கலாம். காலித் தட்டுக்கும் சண்டை வரும். தண்ணீர் இரண்டு மூன்று இடங்களில். வேகவைத்த எலும்பு எந்த நாய்க்கும் வேண்டாம். சிம்பாக உடைந்து குத்தும்.

*அண்டெல்லை:* மற்ற நாயைக் கண்டும் உடல் விறைக்காத குறைந்தபட்சத் தொலைவு. பயிற்சி இதற்கு வெளியே தொடங்க வேண்டும். இரு நாய்களுக்கும் கயிறு, பிடிக்க இரண்டு பேர். மற்றது கண்ணில் பட்டதும் புதிய நாய்க்கு நகமளவு வேகவைத்த கோழித்துண்டுகள். அது மறைந்ததும் கோழியும் நிற்கும். இந்த வரிசை மாறினால் பயனில்லை: கோழி முதலில் வந்தால், கோழியே சண்டைக்கு அறிகுறி என்று நாய் படித்துவிடும். ஐந்து நிமிடம் போதும். புதிய நாயின் முன் முதலில் காலித் தட்டு, பிறகு சோறு, கடைசியாகவே எலும்பில்லாக் கோழிக்கறி. பல நாள் தளர்வாக இருந்தால் அரையடி குறைக்கலாம். பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: இரண்டு நாள் அமைதியைக் கண்டு மூன்றாம் நாள் தட்டுகளை அருகருகே வைத்துவிடுகிறார்கள்.

*பண்டமாற்று:* வாயில் உள்ளதைப் பிடுங்காமல், அதைவிட உயர்ந்ததைச் சற்றுத் தள்ளிப் போட்டு விடவைப்பது. முடிந்தால் பழைய பொருளைத் திருப்பிக் கொடுங்கள். கொடுத்தால் திரும்ப வரும் என்று நாய்க்குத் தெரிய வேண்டும்.

சண்டை மூண்டால் நடுவில் கை வேண்டாம், வாளித் தண்ணீர் அல்லது போர்வை. கடிபட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஊசி.

கண்ணோர வெள்ளைக்கு ‘ஓரவெண்விழி’ என்று குறித்திருக்கிறேன். கொஞ்சம் புலவர் நெடி அடிக்கிறது. எளிய சொல் இருந்தால் சொல்லுங்கள்.

— ஏற்காடு