பேச்சுக்கு ஊர்க்காரர், பில்லுக்கு வெளிநாட்டவர்: சிகிச்சைக்காகக் கடல் கடந்த பர்மா தமிழர்களின் அனுபவங்கள்

யாங்கோனிலிருந்து ஓர் உறுப்பினர்

பெரிய சிகிச்சைக்காக வெளிநாடு செல்ல நேர்ந்தால் எந்த மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பது என்று நம்மவர்கள் பலர் கேட்டுக்கொண்டே இருப்பதால், என் தாயாருக்காக நாங்கள் எடுத்த முடிவையும் அதற்கு வந்துசேர்ந்த வழியையும் முதலில் எழுதுகிறேன். மற்றவர்களும் தங்களுக்கு நேர்ந்ததை எழுத வேண்டுகிறேன்.

2018-இல் என் தாயாருக்கு இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பதாகத் தெரியவந்தது. அப்போது அவருக்கு வயது 56. சிறுமியாக இருந்தபோது மூட்டு வீக்கத்தோடு வந்த காய்ச்சல்தான் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உள்ளுக்குள் வேலை செய்து வால்வைத் தடிக்கச் செய்திருக்கிறது என்று மருத்துவர் விளக்கினார். வீட்டில் இரண்டு கட்சிகள் உண்டாயின. பாங்காக் ஒன்றேகால் மணி நேரப் பயணம், அங்குள்ள பும்ருங்ராட் மருத்துவமனை 2002-லேயே ஆசியாவில் முதலாவதாக ஜே.சி.ஐ. என்னும் சர்வதேசத் தர அங்கீகாரம் பெற்றது, எனவே அங்கேதான் செல்ல வேண்டும் என்று மாமா வாதிட்டார். பேசிப் புரிந்துகொள்ளத் தமிழ் இருக்கும்போது வேற்றுமொழி எதற்கு, 1983-இல் அப்போலோ தொடங்கிய காலத்திலிருந்தே நம் ஊர்க்காரர்கள் சென்னைக்குத்தான் போகிறார்கள் என்பது சித்தப்பாவின் கட்சி.

இரண்டு கட்சிகளும் நியாயமானவை. ஆனால் இரண்டுமே என் தாயாரின் வால்வைப் பற்றிப் பேசவில்லை. ஜே.சி.ஐ., இந்தியாவின் என்.ஏ.பி.எச். போன்ற அங்கீகாரங்கள், நோயாளியைச் சரியாக அடையாளம் காண்பது, தொற்றைத் தடுப்பது, மருந்து மாறாமல் பார்ப்பது ஆகியவற்றுக்கு மருத்துவமனையில் ஒழுங்கான முறைகள் உண்டா என்று பார்ப்பவை. குறிப்பிட்ட ஓர் அறுவை மருத்துவர் ஆண்டுக்கு எத்தனை மைட்ரல் வால்வுகளைச் சரிசெய்கிறார் என்பதை அந்தச் சான்றிதழ் சொல்லாது. ஆகையால் இரு நாடுகளிலுமாக மூன்று மருத்துவமனைகளுக்கு ஒரே கடிதத்தை அனுப்பினேன். இந்த அறுவையை ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறீர்கள், மாற்றாமல் சரிசெய்ய வழியுண்டா, உங்கள் மதிப்பீட்டில் எவையெல்லாம் சேரவில்லை என்ற மூன்று கேள்விகளே அதில் இருந்தன.

முதல் மருத்துவமனை ஒட்டுமொத்தக் கட்டணத்தையும் குளிரூட்டிய அறையின் படத்தையும் அனுப்பியது. இரண்டாவது, நாங்கள் புறப்படும் நாளைக் கேட்டது. மூன்றாவது மட்டும் எங்கள் கேள்விகளுக்கு விடை சொல்லுமுன் எக்கோ என்னும் இதய ஒலியலைப் பரிசோதனையின் காணொளிப் பதிவைக் கேட்டது. எழுத்து அறிக்கை போதாது, வால்வு அசைவதைப் பார்த்தால்தான் பலூனால் விரிக்க முடியுமா என்று சொல்லலாம் என்றார்கள். பதிவைப் பார்த்த மருத்துவர், வால்வில் சுண்ணாம்பு படிந்து கசிவும் இருப்பதால் பலூன் உதவாது, வால்வை மாற்றத்தான் வேண்டும் என்று எழுதிவிட்டு, ஒரு கேள்வியையும் சேர்த்திருந்தார்: ‘நீங்கள் வசிக்கும் ஊரில் இரத்தம் உறையும் தன்மையைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை எங்கே செய்வீர்கள், அதன் முடிவு எத்தனை நாளில் வரும்?’

அந்தக் கேள்வியைப் படித்தபோதே நான் முடிவு செய்துவிட்டேன். உலோக வால்வு பொருத்தினால் இரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின் மாத்திரையை வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும். மைட்ரல் இடத்தில் இரத்தத்தின் ஐ.என்.ஆர். அளவை 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் இரத்தம் உறையும், கூடினால் எங்காவது கசியும். விலங்குத் திசுவால் செய்த திசு வால்வுக்கு இந்தத் தொல்லை குறைவு என்றாலும் பத்து, பதினைந்து ஆண்டுகளில் அது தேய்ந்து, மறுபடியும் மார்பைத் திறக்க நேரிடலாம். நாங்கள் உட்கிராமத்தில் இருந்தால் திசு வால்வைத்தான் சொல்லியிருப்பேன், யாங்கோனில் மாதந்தோறும் பரிசோதிக்க முடியும் என்பதால் உலோக வால்வைச் சொல்கிறேன் என்றார் அவர். ஊர் திரும்பிய பிறகு நோயாளி எப்படி வாழ்வார் என்று யோசித்த ஒரே மருத்துவர் அவர்தான். அந்த மருத்துவமனை சென்னையில் இருந்ததால் சித்தப்பா வென்றதாக இன்றுவரை சொல்லிக்கொள்கிறார்.

தமிழ் பேசலாம் என்று மகிழ்ந்து போனவர்களுக்கு ஒரு சொல். வரவேற்பு மேசையில் நாங்கள் வாயைத் திறந்தவுடன் ‘எந்த ஊரும்மா நீங்க, சிவகங்கைப் பக்கமா?’ என்று அன்போடு கேட்ட அதே பெண், கடவுச்சீட்டைப் பார்த்ததும் எங்களை வெளிநாட்டு நோயாளிகள் பிரிவுக்கு அனுப்பிவைத்தார். அங்கே கட்டண விகிதம் வேறு. பேச்சுக்கு ஊர்க்காரர், பில்லுக்கு வெளிநாட்டவர் என்று அம்மா சிரித்தார். மதிப்பீட்டில் வால்வின் விலையும், தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாட்களுக்கு மேல் தங்கினால் ஆகும் செலவும் சேரவில்லை என்று முன்னரே எழுத்தில் பெற்றிருந்ததால், இறுதித் தொகை ஏறத்தாழக் கால்பங்கு கூடியபோதும் நாங்கள் திகைக்கவில்லை.

மோல்மேனிலிருந்து ஓர் உறுப்பினர்

மேலே எழுதிய நண்பருக்கு நன்றி. எனக்குச் சிறுநீரகம் மாற்ற வேண்டியிருந்தது. அதில் மருத்துவத்தைவிடக் காகிதங்களே எங்களை வாட்டின. இந்த வழியில் செல்லவிருப்பவர்கள் அதை அறிந்துகொள்வது அவசியம் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எங்கள் குடும்பம் எண்ணியது வேறு. 1964-க்குப் பிறகு எங்கள் அத்தையின் குடும்பம் தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிட்டது. அத்தை மகன் என்மீது கொண்ட பாசத்தால் ஒரு சிறுநீரகத்தைத் தானே தருவதாகச் சொன்னார். இந்தியச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல் வந்தது. 2011-இல் அதைத் திருத்தியபோது, பெறுபவர் வெளிநாட்டவராகவும் தருபவர் இந்தியராகவும் இருந்தால் இருவரும் நெருங்கிய உறவினராக இருந்தே தீரவேண்டும் என்று வகுத்துவிட்டார்கள். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், பாட்டன் பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோரே அந்தப் பட்டியலில் உண்டு. நமக்கு அத்தை மகன் எவ்வளவு நெருக்கமானவர் என்று சட்டத்துக்குத் தெரியாது.

ஆகவே என் தம்பி முன்வந்தார். இரண்டு மருத்துவமனைகளை விசாரித்தோம். ஒன்றின் ஒருங்கிணைப்பாளர், ‘நீங்கள் வந்தால் மட்டும் போதும், காகிதங்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்றார். மற்றொன்று, கட்டணத்தைச் சொல்லுமுன்பே, தேவையான ஆவணங்களின் பட்டியலை அனுப்பி, இவை இல்லாமல் விமானச்சீட்டு வாங்க வேண்டாம் என்று எச்சரித்தது. முதலாமவரின் பேச்சு இனிமையாக இருந்தது என்பதாலேயே எனக்கு அச்சம் உண்டாயிற்று. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

நம்முடைய பெயர்களே அங்கு முதல் சிக்கல். வீட்டில் எனக்கு முருகன் பெயர், அடையாள அட்டையில் பர்மியப் பெயர். தம்பிக்கும் அவ்வாறே. இந்நாட்டில் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் அண்ணன், தம்பி, தந்தை ஆகிய மூவரின் ஆவணப் பெயர்களிலும் பொதுவான ஓர் எழுத்துகூட இல்லை. குடும்பப் பட்டியலில் என் பெயருக்கு முன் ‘ஊ’ என்றும் தம்பியின் பெயருக்கு முன் ‘மவுங்’ என்றும் இருந்ததை, வயதுக்கேற்ற மரியாதை அடைமொழிகள் என்று அறியாமல், பெயரின் பகுதிகளாகவே மொழிபெயர்ப்பாளர் எழுதிவிட்டார். அதைத் திருத்தி மீண்டும் சான்றொப்பம் பெற மூன்று வாரங்கள் ஆயின.

தருபவரும் பெறுபவரும் வெளிநாட்டவர் என்றால், அவர்கள் உடன்பிறந்தவர்களே ஆனாலும், உறுப்பு மாற்றத்துக்கு அனுமதி தரும் அங்கீகாரக் குழுவின் முன் ஆஜராக வேண்டும். அதற்கு முன், உறவை உறுதிசெய்யும் 21-ஆம் எண் படிவத்தில் நம் நாட்டுத் தூதரகத்தின் உயர் அதிகாரி கையொப்பமிட வேண்டும். தூதரகம் புதுதில்லியில் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த நான் சென்னையிலேயே தங்க, தம்பி 2,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து அதை வாங்கி வந்தார். திசுப் பொருத்தச் சோதனையும் உடன்பிறப்பை உறுதிசெய்தது. குழுவினர் எங்களைத் தனித்தனியே விசாரித்து, அதைக் காணொளியாகவும் பதிவுசெய்தார்கள். பணம் ஏதும் கைமாறியதா என்று கேட்டபோது தம்பி கோபப்பட்டதாகப் பிறகு சொன்னார். அந்தக் கேள்வி ஏழைகளைக் காப்பதற்காகக் கேட்கப்படுவது என்று அவரைச் சமாதானப்படுத்தினேன்.

இவையெல்லாம் நடந்தது 2023-இல். மத்திய வங்கியின் கணக்கில் ஒரு டாலர் 2,100 சாட், வெளியில் ஆகஸ்டு மாதத்திலேயே 3,000-ஐத் தாண்டியிருந்தது. மதிப்பீடு டாலரில் வந்ததால், ஆவணங்களுக்காகக் காத்திருந்த ஒவ்வொரு வாரமும் எங்கள் சேமிப்பு கரைந்தது. பணத்தைக் கையில் எடுத்துச் செல்பவர்கள், 5,000 டாலருக்கு மேல் நோட்டாக இருந்தால் இந்திய விமான நிலையச் சுங்கத்தில் அறிவித்து அதற்கான படிவத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையின் அளவை இரத்தத்தில் பார்ப்பதற்குக் காலை மாத்திரையை விழுங்கும் முன்பே இரத்தம் எடுக்க வேண்டும். மாத்திரையின் தயாரிப்பு நிறுவனத்தை மருத்துவரைக் கேட்காமல் மாற்றவும் கூடாது. மோல்மேனில் ஒரே தயாரிப்பு தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதி இல்லாததால் ஆறு மாத இருப்போடுதான் திரும்பினேன்.

தன்லியினிலிருந்து ஓர் உறுப்பினர்

சுருக்கமாக எழுதுகிறேன். என் மாமனாரின் முதுகெலும்பு அறுவைக்கு ஒரு முகவர் மூலம் சென்றோம். அவர் எங்களிடம் ஒரு காசும் வாங்கவில்லை என்பதால் தர்மவான் என்று நம்பினோம். நோயாளியின் பில்லில் ஒரு பங்கு மருத்துவமனையிலிருந்து அவருக்குச் செல்கிறது என்பது கடைசி நாளில் கணக்குப் பிரிவில் தற்செயலாகத் தெரிந்தது. முகவர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மொழி தெரியாத ஊரில் அவர் உதவியாகவே இருந்தார். ஆனால் அறுவை தேவையா, உடற்பயிற்சிச் சிகிச்சை போதுமா என்ற கேள்வியை அவரிடம் கேட்டிருக்கக்கூடாது. அவரோடு தொடர்பில்லாத இன்னொரு மருத்துவரிடம் எம்.ஆர்.ஐ. வட்டைக் காட்டியிருக்க வேண்டும்.

பாகோவிலிருந்து ஓர் உறுப்பினர்

எங்கள் அக்காவுக்கு 2019-இல் மார்பகப் புற்றுநோய் என்று அறியப்பட்டது. நாங்கள் பாங்காக்கைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் பலருக்கு வியப்பாக இருக்கும். அங்கே பர்மிய மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அக்கா கோயிலில் தமிழ்தான் பேசுவார், ஆனால் உடம்பின் நோவைச் சொல்ல அவருக்குப் பர்மிய மொழியே வாயில் வரும். பர்மாவில் பிறந்து வளர்ந்த நம் எல்லோருக்கும் தமிழ்நாட்டு மருத்துவமனைதான் மொழியால் நெருக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அங்கு எங்களிடம் அறிக்கையோடு, திசு பதிந்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடிச் சில்லுகளையும் கேட்டார்கள். இங்கு செய்த சோதனையில் ஹெர்-2 புரதம் ‘2+’ என்று வந்திருந்தது. அது ஆம் என்றும் இல்லை என்றும் உறுதியாகச் சொல்ல முடியாத நிலை, ஃபிஷ் என்னும் மரபணுச் சோதனை செய்தால்தான் தீரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்கள் அதே மெழுகுக் கட்டியிலிருந்து அந்தச் சோதனையைச் செய்தபோது ஹெர்-2 உண்டு என்று வந்தது. சிகிச்சைத் திட்டமே மாறிவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஓராண்டுக்கு, ஹெர்-2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி சேர்ந்தது. மெழுகுக் கட்டியை அனுப்பாமல் அறிக்கையை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் எண்ணுகிறேன்.

ஓராண்டு முழுவதும் பாங்காக்கில் தங்க எங்களால் இயலாது என்று முதல் நாளே சொல்லிவிட்டோம். அறுவையும் தொடக்க ஊசிகளும் அங்கே, மற்றவை யாங்கோனில் என்று அந்த மருத்துவரே திட்டம் வகுத்து, இந்த ஊசி இதயத்தைத் தளர்த்தக்கூடும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதயத்தை எக்கோவில் பார்க்க வேண்டும் என்று இங்குள்ள மருத்துவருக்குக் கடிதமும் எழுதித் தந்தார். மீதி ஊசிகளுக்கு, மருத்துவரின் ஒப்புதலோடு, இந்தியாவில் தயாராகும் நிகர் மருந்தை வாங்கியதால் செலவு வெகுவாகக் குறைந்தது. மருந்தை 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் வைக்க வேண்டும். கோடையில் மின்சாரம் போய்ப்போய் வரும் வீட்டில் குளிர்ப்பெட்டியை நம்ப முடியாமல், ஊசி போடும் நாளன்று காலையில்தான் பனிக்கட்டிப் பெட்டியோடு கடைக்குப் போய் வாங்கிவருவேன்.

யாங்கோன் உறுப்பினரிடம் ஒரு கேள்வி: வார்ஃபரின் சாப்பிடும் உங்கள் தாயார் கீரையும், ஊறவைத்த தேயிலையான லப்பெட்டும் சாப்பிடுகிறாரா? என் பெரியம்மாவுக்கு அவற்றை அறவே நிறுத்திவிட்டார்கள். அவர் வருந்துகிறார்.

யாங்கோன் உறுப்பினர், மறுபடியும்

பாகோ சகோதரிக்கு. சென்னை மருத்துவர் கீரையைப் பற்றி மட்டுமே எச்சரித்தார். தேயிலையை ஊறவைத்து, பூண்டும் வறுத்த பயறும் சேர்த்துத் தின்னும் வழக்கம் ஒன்று இங்கு உண்டு என்று அவருக்குத் தெரிய வழியில்லை. நாங்கள் சொன்னபோது வியந்து, தேநீராகக் குடிப்பது வேறு, இலையையே தின்பது வேறு, இலையில் வைட்டமின் கே இருக்கும் என்று விளக்கினார். நிறுத்தச் சொல்லவில்லை. ஒருநாள் நிறையத் தின்று மறுநாள் தொடாமல் இருப்பதுதான் அளவைக் குலைக்கும், எவ்வளவு தின்றாலும் நாள்தோறும் ஒரே அளவாக இருந்தால் மாத்திரையை அதற்கேற்ப வைத்துவிடலாம் என்றார். உங்கள் பெரியம்மாவின் மருத்துவரிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள். அம்மா இப்போது பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தேக்கரண்டி லப்பெட் தின்கிறார். விருந்தினர் வந்தாலும் இரண்டாவது கரண்டி கிடையாது.