மிதவை நாக்கு தானா வளையுமா? (ஓவர்ஃப்ளோ ஆகும் பழைய அவுட்போர்டு)

பாம்பன்காரன் – காலை 6.40
ராத்திரி தூக்கமே வரல, அதான் தனி இழையா போடுறேன். நேத்து தொண்டித்தம்பி ஒரு உதவி கேட்டிருந்தார். அப்பா ஓட்டின 40 குதிரை அவுட்போர்டு (படகுக்குப் பின்னால மாட்டுற என்ஜின்), ரெண்டு ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர். கயிறு இழுத்து இழுத்து தோள்பட்டை கழண்டு போகுது, கிளம்பல. ரெண்டு பிளக்கும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு, கார்ப்ரேட்டர் வாய் வழியா பெட்ரோல் ஒழுகுது. அதுக்கு இங்க "ஊசிவால்வு"ங்கிற பேர்ல எழுதுறவர் சொன்ன வைத்தியம்: "கிண்ணத்தைக் கழட்டி மிதவை நாக்கைக் கொஞ்சம் வளைச்சு விடுங்க, அஞ்சு நிமிஷ வேலை." கீழ வரிசையா நன்றி வேற.

கிண்ணம்னா கார்ப்ரேட்டருக்கு அடியில பெட்ரோல் நிக்கிற இடம். பெட்ரோல் ஏறினா மிதவையும் ஏறும், அதுல இருக்கிற சின்னத் தகடு, அதான் நாக்கு, ஊசியைத் தள்ளி பெட்ரோல் வர்ற வாசலை அடைக்கும். மிதவை நாக்கு தானா வளையாது. கம்பெனியில வச்ச அளவு அது. இருபது வருஷம் ஒழுங்கா ஓடின என்ஜின்ல ஒருநாள் காலையில தகடு எப்படிய்யா வளையும்? தேயுறது ஊசி. முனையில இருக்கிற ரப்பர்ல வட்டமா ஒரு கோடு விழும், நகத்தை வச்சா தடுக்கும். அதுக்கப்புறம் மிதவை எவ்வளவு மேல வந்து அழுத்தினாலும் வாசல் அடையாது. அந்த நிலைமையில நாக்கை வளைச்சா கசிவு நிக்காது, கிண்ணத்துல மட்டம்தான் எக்குத்தப்பா ஆகும். மட்டம் ரொம்பக் குறைஞ்சுபோனா நடுக்கடல்ல முழு வேகம் கொடுக்கும்போது பெட்ரோல் பத்தாது. ரெண்டு ஸ்ட்ரோக்ல ஆயிலும் பெட்ரோலோடதான் உள்ள போகுது. பெட்ரோல் குறைஞ்சா ஆயிலும் குறையும், பிஸ்டன் சீஸ் ஆயிரும், சூட்டுல இறுகிப் பிடிச்சுக்கும். அப்ப யாருக்கு நன்றி சொல்லுவீங்க?

ஊசிவால்வு – காலை 7.15
பேரைச் சொல்லி இழை போட்ட அண்ணாச்சிக்கு வணக்கம். நான் எழுதினதுல பாதியை வெட்டிட்டுப் போட்டிருக்கீங்க. கார்ப்ரேட்டரைத் தலைகீழாப் பிடிச்சா மிதவை கேஸ்கெட் முகத்துக்கு இணையா நிக்கணும், நிக்கலேன்னா வளைங்கன்னு அதே பதில்லயே இருக்கு. பழைய அமெரிக்க என்ஜின் பலதுல அதான் முறை. ஜப்பான் என்ஜினுக்கு மேனுவல்ல மில்லிமீட்டர் கணக்கு இருக்கும், வெர்னியர் வச்சு அளக்கணும். வளைக்கவே கூடாதுன்னா அங்க நாக்கு எதுக்கு வச்சான்? அழகுக்கா?

பாம்பன்காரன் – காலை 7.22
வளைக்கலாம்னு எனக்கும் தெரியும், 26 வருஷமா இதே வேலைதான். தானா வளையுமான்னு கேட்டேன். அதுக்குப் பதில் இல்ல. நாக்கு தானா வளையாது.

நெடுந்தீவான் – காலை 8.03
ரெண்டு பேரும் கிண்ணத்துக்குள்ளயே நிண்டு அடிபடுறியள். தம்பி எண்ணெய்க் குழாயில இருக்கிற ரப்பர் பல்பை எப்பிடி அமத்துறார் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. பல்ப் இறுகின பிறகும் விடாமல் அமத்தினால் நல்ல ஊசியையும் தள்ளிக்கொண்டு எண்ணெய் வரும். பம்ப் குடுக்கிற அழுத்தம் கொஞ்சம்தான், கை குடுக்கிறது அதை விடக் கூட. அடுத்தது டாங்க். காத்துத் திருகைப் பூட்டிப்போட்டு மத்தியான வெயில்ல விட்டால் டாங்க் ஊதிப்போய் நிக்கும், குழாய் மாட்டியிருந்தால் என்ஜின் ஓடாமலே எண்ணெய் கார்ப்ரேட்டருக்கு ஏறும். எங்கட பக்கம் முதல் பாக்கிறது அதைத்தான்.

பாம்பன்காரன் – காலை 8.10
டாங்க் விஷயம் சரி. ஒத்துக்கிறேன். ஆனா இழையோட தலைப்பைப் பாருங்க.

கொளச்சல்வள்ளம் – காலை 8.31
எங்க கரையில மண்ணெண்ணெய் என்ஜின்தான் கூடுதல். பெட்ரோல்ல கிளப்பி, சூடானப்புறம் மண்ணெண்ணெய்க்கு மாத்துவோம், கரை சேரும் முன்ன திரும்பப் பெட்ரோலுக்கு. மண்ணெண்ணெய் பெட்ரோலை விடக் கனம். மிதவை அதுல அமுங்கும், அதான் ஓவர்ஃப்ளோ. தம்பி என்ன எண்ணெய் ஊத்துறார்னு கேளுங்க முதல்ல.

ஊசிவால்வு – காலை 8.40
கனமான எண்ணெயில மிதவை அமுங்காது, மேலதான் நிக்கும். நல்ல தண்ணியை விட உப்புத்தண்ணியில வள்ளம் மேல மிதக்குதே, பாத்ததில்லையா? மண்ணெண்ணெய்ல மட்டம் குறையத்தான் செய்யும், கூடாது.

கொளச்சல்வள்ளம் – காலை 8.44
நான் வள்ளத்தைப் பத்திப் பேசல. மிதவையைப் பத்திப் பேசுறேன்.

ஊசிவால்வு – காலை 8.46
ரெண்டும் மிதக்குற சாமான்தான்.

நெடுந்தீவான் – காலை 9.05
மானியத்தில மண்ணெண்ணெய் எடுக்கிற ஆக்களுக்கு அமுங்கினால் என்ன, மிதந்தால் என்ன. எங்களுக்கு இலங்கையில 2022 ஓகஸ்டில ஒரே நாளில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில இருந்து 340 ஆக்கினவங்கள். எத்தினை பேர் போட்டைக் கவிட்டு வச்சவை தெரியுமோ? அதுக்கு மேல ராத்திரியில உங்கட பக்கத்து ட்ரோலர் வந்து வலையை அள்ளிக்கொண்டு போகும். இங்க 2017இல சட்டம் போட்டு இழுவைமடியை (ட்ரோலர் இழுக்கிற வலை) தடை செய்தாச்சு. உங்கட ஆக்களுக்கு அது தெரியாதோ?

பாம்பன்காரன் – காலை 9.12
நான் நாட்டுப்படகுக்காரங்களுக்கு வேலை செய்யுறவன். இழுவைமடியால எங்க வலையும்தான் போகுது. என்னைப் பாத்து ஏன் கேக்குறீங்க? கார்ப்ரேட்டர் இழையில வந்து எல்லையைப் பேசாதீங்க.

நெடுந்தீவான் – காலை 9.15
வலை போனவனுக்கு எல்லா இழையும் ஒண்டுதான்.

அலையாத்தி – காலை 9.50
ஒரு விஷயம் சொல்லிடுறேன். ஊசியும் மிதவையும் நல்லா இருந்தும் பிளக் நனையலாம். பெட்ரோல் பம்ப் உள்ள இருக்கிற டயாஃப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு) கிழிஞ்சா, கிராங்க்கேஸ் (பிஸ்டனுக்குக் கீழ இருக்கிற அறை) அழுத்தம் வர்ற துவாரம் வழியா பெட்ரோல் நேரா உள்ள போயிடும். பம்பைக் கழட்டி அந்தத் துவாரம் ஈரமா இருக்கான்னு பாருங்க. இப்ப இங்க பங்குல வர்ற 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு பழைய ரப்பர் தாங்காது, குழாயையும் சேர்த்து மாத்துறது நல்லது. இன்னொண்ணு: நனைஞ்ச சிலிண்டரை வெளியேத்த பிளக்கைக் கழட்டிட்டு கயிறு இழுக்கும்போது, பிளக் வயரை என்ஜின் உடம்புல எர்த் பண்ணுங்க, கில் ஸ்விட்ச் (என்ஜினை நிறுத்துற ஸ்விட்ச்) கிளிப்பையும் உருவிடுங்க. பிளக் துவாரத்துலேருந்து தெறிக்கிற பெட்ரோல்ல ஒரு பொறி பட்டா போதும், முகம் வெந்துடும்.

பாம்பன்காரன் – காலை 10.02
டயாஃப்ரம் போனா வாய் வழியா ஏன் ஒழுகணும்? தம்பி தெளிவா எழுதியிருக்கார், வாய் வழியா ஒழுகுதுன்னு. அது கிண்ணத்துல மட்டம் ஏறுறது. மட்டம் ஏறினா ஊசி. நாக்கு தானா வளையாது.

ஊசிவால்வு – காலை 10.09
கில் ஸ்விட்ச்னு சொன்னதும் ஞாபகம் வருது. போன ஆடியில இதே இடத்துல ஒருத்தர் என்ஜின் பொறி வரலைன்னு கேட்டார். "காயில் போச்சு, கண்ணை மூடிட்டுச் சொல்றேன்"னு எழுதினது யாரு? அவர் காயில் வாங்கி மாட்டினப்புறம் பாத்தா கில் ஸ்விட்ச் கிளிப்பே மாட்டலை. அந்தக் காசை இன்னிவரைக்கும் யாரும் திருப்பித் தரல. 26 வருஷ அனுபவம்.

பாம்பன்காரன் – காலை 10.20
கிளிப் மாட்டியிருக்கான்னு ரெண்டு தடவை கேட்டேன். மாட்டியிருக்குன்னார். இழை இன்னும் அப்படியே கிடக்கு, போய்ப் படிங்க. தப்பான தகவல் கொடுத்தா எந்த மெக்கானிக்கும் தப்பாத்தான் சொல்லுவான். அதை இங்க கொண்டு வர்றது பதில் இல்லாதவன் வேலை.

இங்க படிக்கிற சின்னப் பசங்களுக்காக எழுதுறேன். கார்ப்ரேட்டரை வெளிய எடுங்க, பெட்ரோலை வடிச்சுத் துடைங்க. சுத்தமான குழாயை பெட்ரோல் குழாய் மாட்டுற முனையில மாட்டி ஊதுங்க. நிமிர்த்திப் பிடிச்சா காத்து போகணும். தலைகீழாக் கவுத்தா மிதவையோட கனம் ஊசியை அமுக்கும், காத்து நிக்கணும். கவுத்தும் காத்து போகுதுன்னா ஊசியும் அது உக்கார்ற சீட்டும் பிடிக்கல. முதல்ல கழுவிப் பாருங்க, மணல் பொடி ஒண்ணு இருந்தாலே போதும். கழுவியும் போகுதுன்னா ஊசி மாத்தணும். மிதவையைக் காதுகிட்ட வச்சு ஆட்டுங்க, உள்ள தளும்புற சத்தம் கேட்டா அதுவும் குப்பைக்கு. இது எல்லாம் முடிஞ்சப்புறம் கடைசியாத்தான் நாக்கு. முதல்ல இல்ல.

ஊசிவால்வு – காலை 10.31
"கடைசியாத்தான் நாக்கு." அப்ப நாக்கும் காரணமா இருக்கலாம்னு ஒத்துக்கிட்டாச்சு. நன்றி.

பாம்பன்காரன் – காலை 10.33
எங்கய்யா ஒத்துக்கிட்டேன்? தானா வளையாதுன்னுதான் காலையிலேருந்து கத்துறேன்.

கொளச்சல்வள்ளம் – காலை 10.50
மண்ணெண்ணெய்ல அமுங்கும்னு நான் சொன்னதுக்கு எங்க வீட்டுக்கே வாங்க, காட்டுறேன்.

தொண்டித்தம்பி – மதியம் 1.25
எல்லாருக்கும் நன்றி. காலையில கழட்டிட்டேன். டாங்க் மூடி திறந்துதான் இருந்துச்சு. பெட்ரோல் மட்டும்தான் ஊத்துறோம், 50க்கு 1 ஆயில். பம்ப் துவாரம் காஞ்சிருக்கு. கவுத்து ஊதினேன், காத்து போகுது, கழுவினப்புறமும் போகுது. ஊசி முனையில அண்ணன் சொன்ன மாதிரி கோடு இருக்கு. ஆனா மிதவையும் கோணலா நிக்குது, நாக்கு ஒரு பக்கமா வளைஞ்சிருக்கு. ஊசி மட்டும் தனியா எங்க கிடைக்கும்? கேட்ட கடையில முழுக் கார்ப்ரேட்டர்தான் வாங்கணும்கிறாங்க.

ஊசிவால்வு – மதியம் 1.28
நாக்கு வளைஞ்சிருக்கு. எல்லாரும் ஒருதடவை சத்தமாப் படிங்க.

பாம்பன்காரன் – மதியம் 1.30
ஊசியில கோடு. அதையும் சத்தமாப் படிங்க. தம்பி, இதுக்கு முன்ன யாராவது இந்தக் கிண்ணத்தைக் கழட்டினாங்களா?

தொண்டித்தம்பி – மதியம் 1.41
ரெண்டு வருஷம் முன்ன அப்பா ஒருதடவை கழட்டினார். அப்பவும் இதே ஒழுகல். ஏதோ சரி பண்ணி ஒரு சீசன் ஓட்டினார்.

பாம்பன்காரன் – மதியம் 1.43
அப்பா வளைச்சிருக்கார்! ஊசி அப்பவே தேய ஆரம்பிச்சிருக்கு, அதை மறைக்க நாக்கை வளைச்சிருக்கார். தானா வளையல. நான் என்ன சொன்னேன்?

ஊசிவால்வு – மதியம் 1.45
யார் வளைச்சா என்ன அண்ணாச்சி, வளைச்சப்புறம் ஒரு சீசன் ஓடியிருக்குல்ல?

தொண்டித்தம்பி – மதியம் 1.52
ஊசி எங்க கிடைக்கும்னு யாராவது சொன்னா நல்லா இருக்கும். நாளன்னைக்கு நண்டு வலைக்குப் போகணும்.

பாம்பன்காரன் – மதியம் 1.55
ஒரு சீசன் ஓடினதை வைத்தியம்னு சொல்றவர்கிட்ட இனிமே எனக்குப் பேச்சில்ல. நாக்கு தானா வளையாது.

நெடுந்தீவான் – மதியம் 2.10
ட்ரோலர் கேள்விக்கு இன்னும் பதில் வரேல்ல.