பிரபஞ்சம் தோன்றியது எப்படி: வேதத்துக்குள்ளேயே ஏன் இத்தனை பதில்கள்?

வைகறை:
வணக்கம். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தைத் தமிழ் உரையோடு படித்து வருகிறேன். 90ஆவது பாடலான புருஷ சூக்தத்தில், ஆயிரம் தலை கொண்ட புருஷனைத் தேவர்கள் வேள்வியில் பலியிட, அவன் மனதிலிருந்து நிலவும் கண்ணிலிருந்து சூரியனும் பிறந்தன என்று வருகிறது. சரி என்று மேலே போனால் 121இல் ஹிரண்யகர்ப்பம், அதாவது பொன் கருதான் முதலில் தோன்றியது என்கிறார்கள். 129இல் ‘அப்போது இருப்பும் இல்லை, இன்மையும் இல்லை’. இதில் எதை எடுத்துக்கொள்வது? எல்லாவற்றையும் கோத்து வரிசையாகச் சொன்ன நூல் உண்டா?

ஆலமரம்:
கோத்துச் சொன்னது பின்னால் வந்தவர்கள். மனுஸ்மிருதி முதல் அத்தியாயத்தைப் பாருங்கள்: எங்கும் இருள், அப்புறம் நீர், நீரில் விதை, அது பொன் முட்டையாகி, உள்ளே பிரம்மா ஓர் ஆண்டு இருந்து அதைப் பிளந்து வானும் மண்ணும் செய்கிறார். புராணங்களும் இதையே விரித்துச் சொல்கின்றன. ஆனால் ரிக் வேதம் பல குலத்து ரிஷிகள் பாடிய 1028 பாடல்களின் தொகுப்பு. அதில் ஒரே பதிலைத் தேடினால் கிடைக்காது.

கூடல்வாசி:
நான் கேட்பது வேறு, எதற்காகக் கோக்க வேண்டும்? 129ஆவது பாடல், நாஸதீய சூக்தம், மொத்தமே ஏழு செய்யுள்தான், அதை நிதானமாகப் படித்துப் பாருங்கள். இருளை இருள் மூடியிருந்தது, ‘அந்த ஒன்று’ காற்றில்லாமல் தானாக மூச்சுவிட்டது, மனதின் முதல் விதையாக ஆசை எழுந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, ஆறாவது செய்யுளில் தேவர்களே படைப்புக்குப் பிறகு வந்தவர்கள், அப்படியிருக்க இது எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டுவிடுகிறார். கடைசியில், உச்சி வானத்திலிருந்து இதைக் கண்காணிப்பவனுக்குத் தெரியும், அல்லது அவனுக்கும் தெரியாதோ என்னவோ! வேதத்திலேயே இவ்வளவு துணிச்சலான வரி வேறு இல்லை என்பேன்.

இந்த வாதம் உபநிடதத்திலும் ஓயவில்லை. சாந்தோக்கியம் 3ஆம் அத்தியாயத்தில் முதலில் அசத்து, அதாவது இன்மை இருந்தது, அதிலிருந்து முட்டை வந்தது என்கிறார்கள். 6ஆம் அத்தியாயத்தில் உத்தாலகர் மகன் ஸ்வேதகேதுவிடம், இல்லாததிலிருந்து இருப்பது எப்படியப்பா பிறக்கும், ஆதியில் சத்து, அதாவது இருப்பு மட்டுமே இருந்தது என்று அடித்துச் சொல்கிறார். இரண்டும் ஒரே நூலில்!

செவ்வானம்:
பெருவெடிப்பை அன்றே சொல்லிவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது சரியா?

கூடல்வாசி:
இல்லைங்க. பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு என்பது புராணக் கணக்கு, யுகங்களைப் பெருக்கி வந்தது. பிரபஞ்சத்தின் வயது ஏறக்குறைய 1380 கோடி ஆண்டு என்று இன்று சொல்வது தொலைநோக்கியால் அளந்து வந்தது. கோடிக்கணக்கில் யோசித்ததே பெரிய விஷயம்தான், அதற்காக இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுக்குமே நியாயம் செய்ததாகாது. பாட்டைப் பாட்டாகப் படிப்போம்.

வைகறை:
நன்றி. அப்படியானால் 129ஐ இன்னொரு முறை படித்துவிட்டு நேராக சாந்தோக்கியம் 6ஆம் அத்தியாயத்துக்குப் போகிறேன். அதற்கு நல்ல தமிழ் உரை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.