பி.பி.ஐ.எஸ். (நல்ல நடத்தையைச் சொல்லிக் குடுத்து, பாராட்டி வளக்குற பள்ளித் திட்டம்): உங்க கிளாஸ்ல நடந்த ஒண்ணைச் சொல்லுங்க

பெரம்பூர் மிஸ்
ட்ரெயினிங், சார்ட், 'மரியாதை, பொறுப்பு, பாதுகாப்பு' எல்லாம் உங்களுக்கே தெரியும், நேரா விஷயத்துக்கு வர்றேன். நாலாம் கிளாஸ். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், நல்லா நடந்துக்கிட்டதுக்கு சார்ட்ல ஒட்டின ஸ்டாரை எண்ணுவோம். ஒரு பையன் பேருக்கு நேரா அந்த வாரமும் காலி. எண்ணி முடிக்கிறதுக்குள்ள எழுந்து வந்தான். கத்தல, அழல. சார்ட்ல தன் பேரை மட்டும் நகத்தால சுரண்டி எடுத்தான். மேல இருந்த பேர்லயும் கீழ இருந்த பேர்லயும் ஒரு கீறல் விழல, அவ்ளோ கவனம். கூட இருந்த இன்னொரு மிஸ், 'பாத்தீங்களா, ஸ்கூல் பொருளைக் கிழிக்கிறான், மைனஸ் போடுங்க'ன்னாங்க. அது இன்னும் உறுத்துது. கிளாஸே பாக்க, தன் பேர் மட்டும் வெறுமையா தொங்குற குழந்தைக்கு இந்தத் திட்டம் என்ன குடுக்குது?

வேளச்சேரி அப்பா
மிஸ், பழியை முழுசா ஸ்டார் மேல போட முடியாது. என் பையனுக்கு ஏ.டி.ஹெச்.டி. (கவனம் நிக்காது, ஓரிடத்துல இருக்க முடியாது), ஆறாவது படிக்கிறான். அவனுக்கு தினமும் ஒரு கார்டு. ஒவ்வொரு பீரியடும் எப்படி நடந்துக்கிட்டான்னு 0, 1, 2ன்னு மார்க் (2தான் நல்லது), சாயங்காலம் நாங்க கையெழுத்து. ஒரு நாள் ஷூ கழட்டும்போது சாக்ஸுக்குள்ள இருந்து அந்தக் கார்டு நாலா மடிச்சு விழுந்தது. மார்க் கட்டமெல்லாம் காலி, குறுக்கால சிவப்பு மையில 'இன்றும் அடங்கவில்லை'. கம்ப்ளெயிண்ட் நோட்டா ஆக்கிட்டாங்க. அப்புறம் பி.டி. சார் அந்தப் பொறுப்பை எடுத்துக்கிட்டார். காலையில கேட்லயே, 'சாப்டியாடா? இன்னைக்கு எந்த பீரியட் கஷ்டம்?' ஒரு நிமிஷம்கூட ஆகாது. சாயங்காலம் கார்டை வாங்கி, 2 வாங்கின பீரியடைத்தான் முதல்ல கேப்பார். இப்போ வீட்டுக்கு வந்ததும் அவனே கார்டை எடுத்து நீட்டுறான். கார்டு மாறல. கையில வாங்குற ஆள் மாறினார்.

சைதாப்பேட்டை, ஓய்வு பெற்ற ஹெச்.எம்.
நான் பிரம்பை ஆதரிப்பவன் அல்ல. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. ஒரு குழந்தையின் பெயரை வாராவாரம் வெறுமையாகச் சுவரில் தொங்கவிடுவதும் அந்தத் துன்புறுத்தல்தான் என்பேன். ஆனால் நல்லது செய்தால் டோக்கன் கொடுக்கும் முறையையே எனக்கு ஏற்க முடியவில்லை. வராண்டாவில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கீழே கிடந்த காகிதத்தை எடுத்தான். எடுத்தவன் என்னைப் பார்த்து, 'சார், டோக்கன்?' என்று கையை நீட்டினான். என்னிடம் இல்லை என்றேன். எடுத்த காகிதத்தை அதே இடத்தில் போட்டுவிட்டு நடந்தான். வேளச்சேரி நண்பரே, உங்கள் மகனை மாற்றியது அந்த பி.டி. ஆசிரியர். அதைத் திட்டத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

அம்பத்தூர் ஸ்பெஷல் எஜுகேட்டர்
சார், காலையில ஒரு பெரியவர் பாத்து விசாரிக்கணும், சாயங்காலம் திரும்பப் பாக்கணும்ங்கிறதுதான் அந்தத் திட்டமே. செக்-இன் செக்-அவுட்னு பேரு. அதை பி.டி. சார் சரியா செஞ்சிருக்கார்.

என்கிட்ட இருந்த ஒரு பொண்ணு தமிழ் பீரியட்ல பெஞ்சைத் தள்ளி விடுவா, வெளிய நிக்க வைப்பாங்க. ஒரு நாள் வராண்டாவுல அவளைப் பாத்தேன், சுவர்ல சாஞ்சு நிம்மதியா பாட்டு முணுமுணுத்துட்டு இருந்தா. சத்தமா வாசிக்கச் சொல்ற நேரத்துல மட்டும்தான் பெஞ்சு விழுந்திருக்கு. அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியல. வெளிய அனுப்பினது அவ கேட்டதையே குடுத்த மாதிரி.

பெரம்பூர் மிஸ், நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். இந்த பி.பி.ஐ.எஸ். முறை அமெரிக்காவுல ஓரிகன் பல்கலைக்கழகத்துல 1990கள்ல உருவானது. மூணு அடுக்கு. சுமார் 80 சதவீதப் பசங்களுக்கு முதல் அடுக்கு போதும்: விதியைச் சொல்லி, அந்தந்த இடத்துலயே செஞ்சு காட்டி, நல்லா செஞ்சா உடனே பாராட்டுறது. ஒரு 15 சதவீதத்துக்குக் கார்டு மாதிரி கூடுதல் உதவி. மீதி 5 சதவீதத்துக்குத் தனித் திட்டம். உங்க பையன் முதல் அடுக்குல வாராவாரம் தோத்துட்டே இருந்தா அவனை அடுத்த அடுக்குக்கு எடுத்துட்டுப் போகணும், மைனஸ் போடக் கூடாது. தொல்லை பண்ணும்போதெல்லாம் மூணு எழுதுங்க: அதுக்கு முன்னாடி என்ன நடந்தது, அவன் என்ன செஞ்சான், அதனால அவனுக்கு என்ன கிடைச்சது. ஒரு தடவை கண்டிச்சா நாலஞ்சு தடவையாவது பாராட்டுங்க, அதுவும் 'குட் பாய்' இல்ல, எதுக்குன்னு சொல்லி. டோக்கன் குடுத்தாலும் அப்படித்தான். பழகினதும் டோக்கனைக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். ஹெச்.எம். சார் பாத்த பையனுக்கு அதை யாரும் செய்யல.

பெரம்பூர் மிஸ்
மேடம், அடுக்குக் கணக்கு ட்ரெயினிங்லயே கேட்டாச்சு. என் கேள்வி, அடுத்த அடுக்குக்கு எங்க ஸ்கூல்ல ஆள் யாருங்கிறது. எல்லா கிளாஸுக்கும் சேத்து ஒரு கவுன்சிலர், அவங்களும் வாரத்துல ஒரு நாள். ஆனா அந்த மூணு கேள்வியை எழுதிட்டு வர்றேன். கணக்கு பீரியட்ல போர்டுக்குக் கூப்பிடும்போதுதான் ஆரம்பிக்குது. போர்டுக்குப் பதிலா சிலேட்டுல எல்லாரும் ஒரே நேரத்துல எழுதித் தூக்கிக் காட்டுற மாதிரி மாத்தியிருக்கேன். எழுதுறான். சார்ட்டைக் கழட்டணும்னு மீட்டிங்ல சொல்லிட்டேன், இன்னும் மாட்டித்தான் இருக்கு.

வியாசர்பாடி டீச்சர்
எங்களோடது அரசுப் பள்ளி. மதியச் சாப்பாட்டு நேரத்துல தினமும் அடிதடி. 'வரிசையில் நிற்போம்'னு மூணு இடத்துல எழுதி ஒட்டினோம், பிரயோஜனமில்ல. ஒரு நாள் சத்துணவு ஆயாதான் என் கையைப் பிடிச்சு ஓரமா நிறுத்திக் காட்டினாங்க: 'டீச்சர், தட்டு கழுவிட்டு வர்றவன், சாம்பார் சாதத்தோட போறவன், ரெண்டு பேரும் இந்தத் தூண்கிட்டதான் இடிச்சுக்கிறாங்க.' சாதம் கொட்டுது, சண்டை வருது. அண்டாவை அந்தப் பக்கம் நகத்தி, போற வழி வர்ற வழிக்குக் காலடி வரைஞ்சு, ரெண்டு நாள் காலித் தட்டோட நடக்க வெச்சுப் பழக்கினோம். ஆயாவும் வாட்ச்மேன் அண்ணனும் எங்க கூடவே நின்னு, சரியா போற பசங்களைப் பேர் சொல்லிப் பாராட்டினாங்க. தூண்கிட்ட சண்டை நின்னுபோச்சு. ட்ரெயினிங்குக்கு இவங்க ரெண்டு பேரையும் யாரும் கூப்பிடல, அதுதான் என் ஆதங்கம்.

பெரம்பூர் மிஸ்
காலடி வரைய பெயிண்டுக்கு யார்கிட்ட கேட்டீங்க?

வியாசர்பாடி டீச்சர்
பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல வெச்சோம் மிஸ். ஒரு பையனோட அப்பா பெயிண்டர், மிச்சம் இருந்த மஞ்சள் டப்பாவோட அவரே வந்து வரைஞ்சு குடுத்தார். எனாமல் பெயிண்டா கேளுங்க, சுண்ணாம்புன்னா கழுவுற தண்ணியிலயே போயிடும்.