ரோட் கிளைடுக்கு 26 இன்ச் முன்சக்கரம்: நெடும்பயணத்துக்குத் தாங்குமா?

ஹூஸ்டன் பையன்
வணக்கம். போன மாசம் ஒரு 2015 ஹார்லி ரோட் கிளைடு பைக் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். ஆகஸ்ட்ல ஸ்டர்ஜிஸ் பைக் கூட்டத்துக்கு அதுலயே போகணும்னு ஆசை. இங்கிருந்து சவுத் டகோட்டாவுக்கு ஒரு வழி மட்டுமே ஏறக்குறைய 1,300 மைல். அதுக்குள்ள 26 இன்ச் முன்சக்கரம், பின்னாடி காத்தால ஏத்தி இறக்குற ஏர் சஸ்பென்ஷன், நீட்டின பக்கப்பெட்டி எல்லாம் போட்டுடலாம்னு இருக்கேன். கடைக்காரர் ஃபிரேமோட கழுத்தை, அதாவது ஹேண்டில் திரும்புற தண்டு உட்கார்ற முன்பகுதியை, வெட்டிச் சாய்க்கணும்ங்கிறார். கூட ஓட்டுற நண்பரோ, அப்படிச் செஞ்ச வண்டி நிறுத்தி வச்சுப் பார்க்கத்தான் ஆகும்ங்கிறார். ஓட்டிப் பார்த்தவங்க சொல்லுங்க.

நெடுவழி, ஓக்லஹோமா சிட்டி
தம்பி, வேண்டாம். நெடுந்தூரம் ஓட்டுறவங்களோட அயர்ன் பட் சங்கம் வைக்கிற சேடில்சோர் 1000, அதாவது 24 மணி நேரத்துல 1,000 மைல், மூணு தடவை முடிச்சிருக்கேன். மூணும் கம்பெனி சக்கரத்துலதான். நடுவுல ஒரு வருஷம் நானும் 26 போட்டு ஓட்டினேன்.

கன்சாஸ்ல ஒரு பாலம். பாலமும் ரோடும் சேர்ற இடத்துல கான்கிரீட் ரெண்டு விரல்கடை தூக்கி நின்னுச்சு. 70 மைல் வேகத்துல ஏறிட்டேன். அடி ஹேண்டில்பார் வழியா தோள்பட்டை வரைக்கும் வந்துச்சு. ஓரம் கட்டி டார்ச் அடிச்சுப் பார்த்தா, ரிம் விளிம்பு கட்டைவிரல் பதிஞ்ச மாதிரி உள்வாங்கியிருக்கு. எச்சில் தொட்டு வச்சேன், குமிழ் விடுது. ரிம் போனதைக்கூடப் பொறுத்துக்கலாம். அந்த அளவு டயர் சுத்துவட்டாரத்துல ஒரு கடையிலயும் கிடைக்கலை. அது வந்து சேர ரெண்டு ராத்திரி மோட்டல்ல கிடந்தேன். 19 இன்ச்சா இருந்தா மறுநாள் மத்தியானம் கிளம்பியிருப்பேன்.

டாம்பா பட்டறை
அண்ணே, உங்க அனுபவத்தை மதிக்கிறேன். ஆனா பெரிய சக்கரம்னாலே ஓட்ட முடியாதுங்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். ஃபுளோரிடாவுல இந்த வேலைதான் எனக்குச் சோறு போடுது. நான் கட்டின 26 ஒண்ணு ஐ-10 ஹைவே வழியா கலிஃபோர்னியா போய்த் திரும்பி வந்திருக்கு. கெட்ட பேர் வர்றது அளக்காம கட்டின வண்டிகளால.

கணக்கைச் சொல்றேன். கம்பெனி டயர் 130/60-19, அதாவது அகலம் 130 மி.மீ., பக்கச்சுவர் அதுல 60 விழுக்காடு, ரிம் 19 இன்ச். மொத்த உயரம் 639 மி.மீ. 120/50-26 போட்டா 780. முன் அச்சு தரையிலிருந்து 71 மி.மீ. மேலே போகுது. ஹார்லி டூரிங் ஃபிரேமோட கழுத்துச் சாய்வு 26 டிகிரி. வேற எதையும் மாத்தாம இந்தச் சக்கரத்தை மாட்டினா டிரெயில் 35 மி.மீ. கூடும். டிரெயில்னா ஹேண்டில் திரும்புற அச்சை நீட்டினா தரையைத் தொடுற இடத்துக்கும், முன் அச்சுக்கு நேர் கீழே தரையில இருக்கிற இடத்துக்கும் உள்ள தூரம். ஃபேக்டரியில அது சுமார் 170, இப்போ 205. முன்பக்கம் தூக்குறதால சாய்வு கூடி, டிரெயிலும் அதுக்கு மேல ஏறும். பார்க்கிங்ல திருப்பினா ஹேண்டில் ஒரு பக்கமா விழுந்து கையை இழுக்கும். கழுத்தை வெட்டுறது பெரிய சக்கரம் ஃபிரேமுல இடிக்காம இடம் கிடைக்கத்தான். ஆனா கழுத்தை மட்டும் சாய்ச்சா டிரெயில் குறையாது, இன்னும் ஏறும். அதை இறக்குறது சாய்வு வச்ச ட்ரிபிள் ட்ரீ, அதாவது முன் ஃபோர்க்கைக் கழுத்தோட சேர்த்துப் பிடிக்கிற பாகம். ரெண்டும் சேர்ந்து டிரெயில் 100லேருந்து 150 மி.மீ.க்குள்ள வரணும். அதுக்கும் கீழே போச்சுன்னா ஹைவேயில முன்பக்கம் தலையாட்ட ஆரம்பிக்கும், அது உயிருக்கே ஆபத்து. வெட்டுறதுக்கு முன்னாடி இந்த நம்பரைச் சொல்லத் தெரியாத கடைக்கு வண்டியைக் கொடுக்காதீங்க.

நெடுவழி, ஓக்லஹோமா சிட்டி
டிரெயில் கணக்குல குறை சொல்ல மாட்டேன். டயரோட பக்கச்சுவரைப் பத்தி நீங்க பேசவே இல்லையே? 130/60-19ல அது 78 மி.மீ. 120/50-26ல 60. பள்ளத்தோட அடியை முதல்ல வாங்குறது அந்த ரப்பர்தான், அதுல 18 மி.மீ. போயிடுச்சு. என் ரிம் வளைஞ்சது அதனால. எவ்வளவு நல்லா வெல்டு வச்சாலும் அந்த 18 மி.மீ. திரும்பி வராது.

இன்னொண்ணு, பிரேக் போட்டா சக்கரம் பூட்டிக்காம காக்கிற ஏபிஎஸ். சக்கரத்தோட சுற்றளவு 22 விழுக்காடு கூடுது. முன்சக்கரமும் பின்சக்கரமும் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு ஒப்பிட்டுத்தான் ஏபிஎஸ் வேலை செய்யுது. அந்த விகிதம் மாறினதும் எச்சரிக்கை விளக்கு எரியும். நிறைய கடையில ஏபிஎஸ்ஸையே கழட்டி விட்டுடறாங்க. ஏறக்குறைய 370 கிலோ வண்டி, அது மேல நீங்க, உங்க மூட்டை. நெப்ராஸ்காவுல மழை பிடிச்சு, முன்னாடி போற டிரக் திடீர்னு பிரேக் போட்டா என்ன பண்ணுவீங்க?

வளைவுப் பிரியை, நாக்ஸ்வில்
நான் ரெண்டு பேர் பக்கமும் இல்லை. பேக்கர் வண்டியை, அதாவது இப்படிப் பக்கப்பெட்டி வச்ச பைக்கை, மாத்தணும்னா நல்லா ஓடுறதுக்கு மாத்துங்க. 2020ல கலிஃபோர்னியாவோட லகுனா செக்கா தடத்துல முதல் கிங் ஆஃப் தி பேக்கர்ஸ் பந்தயம் நடந்துச்சு, இந்தியன் கம்பெனியோட சேலஞ்சர் பைக்ல டைலர் ஓ'ஹாரா ஜெயிச்சார். அந்தப் பந்தய வண்டிகள்ல 17 இன்ச் சக்கரம், பக்கப்பெட்டியை மேல தூக்கிக் கட்டியிருப்பாங்க. எங்க வீட்டுப் பக்கம் டெயில் ஆஃப் தி டிராகன் ரோடு இருக்கு, 11 மைல்ல 318 வளைவு. நீட்டின பெட்டியோட வர்றவங்க இங்க அடிப்பக்கத்தை உரசிக்கிட்டே போறதைப் பார்க்கிறேன். ஸ்டர்ஜிஸ் போனா நீங்களும் அங்க இருக்கிற நீடில்ஸ் ஹைவே, அயர்ன் மவுண்டன் ரோடுன்னு வளைவான மலை ரோடுகள்ல ஏறாம வர மாட்டீங்க. 26க்கு வச்சிருக்கிற பணத்துல நல்ல ஷாக், முன் ஃபோர்க்குக்குள்ள போற சஸ்பென்ஷன் கார்ட்ரிட்ஜ், பிரேக் மூணும் வாங்கிடலாம்.

டாம்பா பட்டறை
மேடம், வளைவு ஓட்டுறவங்களுக்கு நீங்க சொல்றது சரி. ஆனா ஒரு வண்டியை அழகா கட்டணும்ங்கிற ஆசையும் உண்மையான ஆசைதான். ஒரு 26க்கு மட்கார்டு பொருத்த மூணு ராத்திரி உட்கார்ந்திருக்கேன். டயரைச் சுத்தி ஒரே அளவு இடைவெளி வரணும். வேகத்துல டயர் கொஞ்சம் விரியும், அதுக்கும் இடம் விடணும். ஒரு பென்சிலை உள்ள விட்டு மேலேருந்து கீழ வரைக்கும் ஓட்டிப் பார்ப்பேன், எங்கயாவது தட்டினா மறுபடி அரம். பெயிண்ட் ஏறி வெயில்ல நிறுத்தினப்போ சொந்தக்காரர் பத்து நிமிஷம் வாய் திறக்கலை, சுத்திச் சுத்தி வந்தார். இதை வெறும் பகட்டுன்னு யாராவது சொன்னா எனக்கு வலிக்கும்.

ஏபிஎஸ் விஷயத்துல அண்ணன் சொல்றதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்லை. நானே நிறைய வண்டியில கழட்டியிருக்கேன்.

ஹூஸ்டன் பையன்
படிக்கப் படிக்கப் பயம் வருது, ஆசையும் போகலை. 23 போட்டா?

டாம்பா பட்டறை
இந்தப் பயணத்துக்கு நானும் அதைத்தான் சொல்லுவேன். 130/60-23ல பக்கச்சுவர் கம்பெனி டயர் மாதிரியே 78 மி.மீ. அச்சு 51 மி.மீ.தான் ஏறும், டிரெயில் கூடுறது 25. கழுத்தை வெட்ட வேண்டாம், ட்ரிபிள் ட்ரீ மாத்தினா போதும். பிடிக்கலைன்னா திரும்ப 19 மாட்டிக்கலாம். வெட்டின ஃபிரேமை அப்படித் திருப்ப முடியாது.

நெடுவழி, ஓக்லஹோமா சிட்டி
23க்கும் வழியில டயர் கிடைக்கும்னு நம்பாதீங்க, புது டயர் போட்டுக்கிட்டே கிளம்புங்க. என் கணக்குல 21 போதும், ஹார்லியே தன்னோட விலை உயர்ந்த சிவிஓ வண்டிகள்ல அதைக் கொடுத்திருக்கு. ஏர் சஸ்பென்ஷனை நிறுத்தும்போது மட்டும் இறக்குங்க. பின்பக்கம் இறங்கின நிலையிலயே ஓட்டினா சாய்வும் டிரெயிலும் மறுபடி கூடி, பட்டறைக்காரர் போட்ட கணக்கே மாறிடும்.

டாம்பா பட்டறை
அது ரொம்ப முக்கியம். எதை வாங்குறதுக்கும் முன்னாடி இப்போ இருக்கிறதை அளந்துடுங்க, தம்பி. வண்டியில நீங்க உட்கார்ந்து, யாரையாவது நேரா பிடிச்சுக்கச் சொல்லுங்க. முன் அச்சு மையத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது தொடுற இடத்துல சாக்பீஸால குறி வைங்க. அப்புறம் ஃபிரேம் கழுத்தோட சாய்வுலயே ஒரு நேர்க்கோலைத் தரை வரைக்கும் நீட்டி, அங்க இன்னொரு குறி. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதுதான் டிரெயில்.

ஹூஸ்டன் பையன்
இப்பதான் கராஜ்ல மனைவி வண்டியைப் பிடிக்க, பக்கத்து வீட்டுக்காரர் கோல் பிடிக்க அளந்தோம். 168 மி.மீ. கடைக்காரருக்கு ஃபோன் போட்டு, கழுத்தை வெட்டி 26 போட்டா டிரெயில் எவ்வளவு வரும்னு கேட்டேன். பார்த்துக்கலாம்னார். முன்பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கேன்.