அப்டேட்: கில்கமெஷ் 11-வது பலகை வரைக்கும் முடிச்சிட்டேன்

கில்கமெஷ், களிமண் பலகைகள்ல எழுதின பழைய மெசபடோமியக் காவியம், உருக் நகரத்து ராஜாவோட கதை, ஒரு பலகை ஒரு அத்தியாயம் மாதிரி. போன மாசம் இந்த த்ரெட்ல, அவனோட நண்பன் என்கிடு சாகுற 7-வது பலகையோட நின்னுட்டேன், கில்கமெஷ் வெறும் திமிர் பிடிச்ச ராஜாவா தான் தெரியுறான்னு எழுதியிருந்தேன்ல, இப்ப 11-வது பலகை வரைக்கும் படிச்சாச்சு, அந்தக் கருத்தை வாபஸ் வாங்கிக்கிறேன்.

மாத்தினது ஒரே ஒரு இடம். நண்பன் செத்து ஆறு பகல் ஏழு ராத்திரி உடம்பை அடக்கம் பண்ணவே விடல, மூக்குல இருந்து புழு விழுற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்னு அவனே 10-வது பலகையில சொல்றான். படிச்சிட்டு கையில இருந்ததைக் கீழ வச்சிட்டேன், ரொம்ப நேரம் எதுவும் ஓடல.

அப்புறம், ரெண்டு நண்பர்களும் சேர்ந்து போற தேவதாரு காடு. ஈராக்ல சுலைமானியா மியூசியம் 2011-ல வாங்கின ஒரு பலகைத் துண்டுல 5-வது பலகையோட புது வரிகள் கிடைச்சிருக்கு, பறவை, சில்வண்டு, குரங்கு எல்லாம் சேர்ந்து காட்டோட காவலன் ஹும்பாபாவுக்கு தினமும் கச்சேரி மாதிரி சத்தம் போடுதாம், அவனைக் கொன்னு மரத்தையும் வெட்டினப்புறம் என்கிடு, காட்டைப் பொட்டலாக்கிட்டோமே, கடவுள் என்லிலுக்கு என்ன பதில் சொல்லப் போறோம்னு கேக்குறான். அவ்ளோ பழைய கதையில இந்தக் கேள்வி இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல.

சாகாவரம் தேடிப் போனவன், இளமை தர்ற செடியையும் பாம்புகிட்ட பறிகொடுத்துட்டு உருக் திரும்பி, படகுக்காரன் ஊர்ஷனபிகிட்ட மதில்மேல ஏறிப் பாருன்னு சொல்றான், கதை ஆரம்பிச்ச அதே வரிகள்.

12-வது பலகை பாக்கி இருக்கு, அதுல என்கிடு திரும்ப உயிரோட வர்றான், அது சுமேரியப் பாட்டு ஒண்ணோட மொழிபெயர்ப்பு, இன்னிக்கு ராத்திரி ஆரம்பிக்கிறேன்.